ஐயமும் துணிவும்: கார்ல் சேகன் நூலாராய்ச்சி

அறிவு வேண்டுவோர்க்கு ஐயம் பகையோ துணையோ என்னும் வினா மிகப் பழைமையானது. மாலைப்பொழுதில் சேய்மைக்கண் நிற்கும் ஒன்றைக் கண்டு 'குற்றியோ மகனோ' எனத் துணியமாட்டாது நிற்பது ஐயக்காட்சி. குற்றியையே மகனென்று துணிந்துவிடுவது திரிவுக்காட்சி. இரண்டும் குற்றமுடையனவே. ஆயினும் அவற்றிடை ஒரு வேற்றுமை யுண்டு. ஐயுற்றவன் அணுகிச் சென்று நோக்குவான். திரிபுற்றவன் நோக்க வேண்டுமென்று நினையான். ஆகலின் ஐயம் தெளிவிற்கு வாயிலாதலும் கூடும். திரிபோ அவ்வாயிலை அடைத்து விடுவது. இவ்வைய நெறியின் பயனையும் அதனைக் கையாளும் முறையையும் பொதுமக்களுக்கு எளிய நடையில் விளக்கப் புகுந்த நூல்களுள், அமெரிக்க வானநூற் புலவராகிய கார்ல் சேகன் இயற்றி 1995-ஆம் ஆண்டில் வெளிவந்தது பெரிதும் பயிலப்படுவதாம். அதன் பெயரைத் தமிழிற் கூறின், 'பேய்கள் உலாவும் உலகம்: இருளில் ஒரு மெழுகுவத்தியாக விஞ்ஞானம்' என்பது. அளவை நூல் பயின்றார்க்கு அதன்கண் கொள்வனவும் உள, தள்ளுவனவும் உள. அவை ஈண்டு ஆராயப்படும்.

சேகன் 1934-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். செவ்வாய்க்கோளுக்குச் சென்ற வைக்கிங் கலங்களின் ஆராய்ச்சியிற் பங்கு கொண்டவர். 1980-இல் ஒளிபரப்பப்பட்ட 'காஸ்மாஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரால் உலகறிந்தவர். இந்நூல் 25 அதிகாரங்களை யுடையது. அவற்றுட் சில, அவர் மனைவியார் ஆன் ட்ரூயனோடு சேர்ந்து எழுதப்பட்டன. நூற்பெயரிலுள்ள மெழுகுவத்தி, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் ஏடி என்பார் சூனியக்காரர் வேட்டையைக் கண்டித்து எழுதிய நூலின் பெயரினின்றும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

பிறர் கொள்கையை மறுக்கப் புகுவார் முதற்கண் அதனை அவர் கூற்றாகவே குறைவறக் கூறிப் பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது சிவஞான சித்தியார் பரபக்கத்தாற் பெறப்படும் முறையாகும். அம்முறையே இந்நூற்கும் உரியது.

சேகன் கூறுவதன் சாரம் வருமாறு: மெய்யறிவு தேடுவார்க்கு இரண்டு வேண்டும். ஒன்று, புதியது எதனையும் கேட்க மறாத வியப்புணர்வு. மற்றொன்று, கேட்டது எதனையும் சோதியாது ஏலாத ஐயவுணர்வு. முன்னது மட்டும் உடையான் எல்லாப் பொய்க்கும் இரையாவான். பின்னது மட்டும் உடையான் புதுவது ஒன்றும் கற்கமாட்டான். இவ்விரண்டனையும் சமனுற வைத்திருப்பதே விஞ்ஞானத்தின் உயிர்நிலை. இதற்குக் கருவியாகச் சில விதிகளை அவர் வகுத்துக் காட்டுகின்றார். ஒரு செய்தியை அதனோடு தொடர்பில்லாத பிறர் தனித்து ஆராய்ந்து உறுதிப்படுத்துதல் வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்குப் பல காரணங்களை எண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளி வருதல் வேண்டும். தனது கருத்தென்பதனாலேயே ஒன்றிற் பற்று வைத்தலாகாது. அளக்கக் கூடியதை அளத்தல் வேண்டும். வாதம் ஒரு சங்கிலியாயின் அதன் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாயிருத்தல் வேண்டும். பொய்யாயின் பொய்யெனக் காட்டற்கு வழியே இல்லாத கூற்றுப் பயனற்றது. இவற்றோடு வாதத்திற் புகும் குற்றங்களையும் நிரல்படத் தொகுத்துள்ளார். அத்தொகுதியைக் காண்பார்க்குப் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என நம் அளவை நூலார் வகுத்தன நினைவிற்கு வாராமற் போகா.

பொய்யெனக் காட்டற்கு வழியில்லாத கூற்று இத்தன்மைத்து என்பதை அவர் ஒரு கதையால் விளக்குகின்றார். ஒருவன் தன் வண்டிக்கொட்டகையில் தீயுமிழும் பறவைநாகம் ஒன்று உண்டென்கின்றான். சென்று பார்த்தால் ஒன்றுமில்லை. அது கண்ணுக்குப் புலனாகாது என்கின்றான். தரையில் மாவைப் பரப்பி அடிச்சுவடு காண்போம் எனின், அது நிலத்திற் றோயாது மிதப்பது என்கின்றான். தீயின் வெம்மையை அளப்போம் எனின், அத்தீ வெம்மையற்றது என்கின்றான். இவ்வாறு சோதனைதோறும் ஒரு விலக்குக் கூறப்படுமாயின், அந்நாகம் உண்டென்பதற்கும் இல்லையென்பதற்கும் யாது வேற்றுமை என்பது சேகன் வினா. ஈண்டுக் குற்றமாவது கண்ணுக்குப் புலப்படாமை யன்று. சோதனை வரும்போதெல்லாம் கூற்றை மாற்றிக் கொள்ளுதலே யாம். இவ்வேற்றுமையை மறந்து, காணப்படாதன அனைத்தும் இல்லையென்றற்கு இக்கதையைக் காட்டுவார் சேகன் கருத்தையும் அறியாதவரேயாவர்.

அவர் காட்டும் உண்மை நிகழ்ச்சிகளும் பல. 1976-இல் வைக்கிங் கலம் எடுத்த படமொன்றில் செவ்வாயின் மேடு ஒன்று மனித முகம்போற் றோன்றியது. அது வேற்றுலகத்தார் செதுக்கியது என்று பலர் நூலெழுதினர். சேகன் அதனை ஏளனஞ் செய்து தள்ளிற்றிலர். காற்றும் மணலும் அரித்த மேடாகவே இருத்தல் கூடுமெனினும் கூரிய படங்கள் எடுத்துப் பார்த்தல் தகும் என்றெழுதினர். அவர் மறைந்த பின்னர், 1998-லும் 2001-லும் மற்றொரு கலம் எடுத்த படங்களில் அது வெறும் மேடென்றே தெளிவாயிற்று. இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் இரவில் தோன்றிய வட்டங்களை வானவர் வரைந்தன என்று கற்றாருங் கூறிவந்தனர்; 1991-இல் இரு முதியவர், பலகையும் கயிறுங் கொண்டு அவற்றைத் தாங்களே பல்லாண்டுகளாக இட்டு வந்ததாக வெளிப்படுத்தினர். 1988-இல் ஆஸ்திரேலியாவில், ஜேம்ஸ் ராண்டி என்னும் செப்படிவித்தைக்காரர் ஓர் இளைஞரை, ஈராயிரம் ஆண்டு முதிர்ந்த ஆவியேறப் பெற்றவராக நடிக்கப் பயிற்றினார். அக்குளில் ஒரு சிறு பந்தை இடுக்கி நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டிய அவரைக் காணச் சிட்னி நகரத்து அரங்கிற் கூட்டம் திரண்டது. செய்தித்தாளோர் அவர் வரலாற்றைச் சோதித்தாரில்லை. அவையெல்லாம் நடிப்பென்று சின்னாளில் வெளியிட்ட பின்னரும், நம்பிக்கை நீங்காதார் சிலர் இருந்தனர். இச்செய்தி அடியார் கூட்டத்தினர் கருத்தூன்றி நோக்கற் பாலது. வேடத்தை வணங்குதல் வேறு. வேடத்தை விலைப்பொருளாக்குவானிடம் அறிவை ஒப்புவித்தல் வேறு. போலிகளைக் காட்டித் தருவாரை மெய்யன்பர் வெறுத்தற்குக் காரணம் ஒன்றுமில்லை. போலியால் முதற்கண் இழிவடைவது மெய்யே யாகலின்.

நூலின் மிகச் சிறந்த பகுதி சூனியக்காரர் வேட்டையைப் பற்றியதாகும். 1484-இல் எட்டாம் இன்னசன்று என்னும் போப்பு விடுத்த ஆணையின் பின்னர், ஐரோப்பாவில் எண்ணிறந்தோர், பெரும்பாலும் பெண்டிர், சித்திரவதைப்பட்டு எரியூட்டப்பட்டனர். குற்றத்தை ஒப்பினாள் எனின் ஒப்புதலே சான்று. மறுத்தாள் எனின், இத்துணை வதையினும் மறுத்து நிற்றற்கு வலிமை தந்தது பேயே என்று அம்மறுப்பும் சான்று. எதிர்ச்சான்றுக்கு இடமே இல்லாத வழக்கு யாதாம் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டா. முன்னர்க் கூறிய நாகக்கதை விளையாட்டன்று என்பது இவ்விடத்தே புலனாகும். இக்கொடுமையின் நடைமுறையை 1631-இல் பெயர் மறைத்து நூலெழுதி வெளிப்படுத்தியவர் பிரீடிரிக் ஸ்பே என்பார். அவர் விஞ்ஞானியல்லர்; ஏசு சபைத் துறவி. இறை நம்பிக்கை யுடையாரே தம் கண்முன் நிகழ்ந்த பொய்ச்சான்றை ஐயுற்று உரைத்தனர் என்பதைச் சேகன் மறைக்கவில்லை. நம்பிக்கையும் ஐயமும் ஒருவர் நெஞ்சில் உடனுறையலாகா என்பார்க்கு ஸ்பேயின் வாழ்வே மறுப்பாகும்.

சேகனை உலோகாயதர் என்று தள்ளிவிடுவாரும் உளர். அது பொருந்தாது. உலோகாயதன் காண்டல் ஒன்றனையே அளவையாகக் கொள்வான். சேகனோ கருதலளவையின் துணைகொண்டே விண்மீன்களின் இயல்பை ஆராய்ந்தவர். ஆப்பிரிக்காவில் கலகாரிப் பாலைவனத்து வாழும் குங் வேடர் மணலிற் கிடக்கும் குளம்படியைக் கண்டு, விலங்கு எவ்வினத்தது, சென்று எத்துணைப் பொழுதாயிற்று, நொண்டிற்றோ என்றெல்லாம் துணியுமாற்றை ஓரதிகாரத்தில் விரித்துரைத்து, விஞ்ஞானத்தின் வித்து அங்கும் உண்டென்கின்றார். புகை கண்டவழி நெருப்புண்மை துணிதலும் இதுவே. அறிவு நெறி ஒரு நாட்டார்க்கோ ஒரு காலத்தார்க்கோ மட்டும் உரியதன்று என்னும் இக்கூற்று உவந்து கொள்ளத்தக்கது.

இனிக் குறைகள் கூறப்படும். பிரான்சிலுள்ள லூர்து என்னும் திருத்தலத்தைப் பற்றி அவர் செய்த கணக்கு முதலாவது. 1858 முதல் அங்குச் சென்றார் ஏறத்தாழ 10 கோடியர். திருச்சபையார் அற்புதமென ஏற்ற நலப்பேறுகள் 65. அவற்றுட் புற்றுநோய் பற்றியன 3. புற்றுநோய் மருந்தின்றித் தானே நீங்குதல் பதினாயிரத்தில் ஒருவர்க்கு அல்லது இலட்சத்தில் ஒருவர்க்கு நிகழ்வதாகக் கொண்டு, சென்றாருள் நூற்றுக்கு ஐவர் அந்நோயர் எனின், 50 முதல் 500 பேர் தாமே நலமுற்றிருத்தல் வேண்டும். மூவரே காணப்படுதலின், வீட்டிலிருந்தார்க்கு உள்ள பேறும் அங்குச் சென்றார்க்கு இல்லை போலும் என்று முடிக்கின்றார். இம்முடிபு நகைச்சுவை யுடையதேனும் அளவை யுடையதன்று. நூற்றுக்கு ஐவர் என்பது அவர் வைத்துக்கொண்டதேயன்றி எண்ணிக் கண்டதன்று. அன்றியும், 65 என்பது நலமுற்றார் தொகையன்று. மருந்துண்டு நலமுற்றாரையும், சான்று குறைந்தாரையும், மீண்டுசென்று ஒன்றுந் தெரிவியாதாரையும் விலக்கி, நெடிய விசாரணையின்பின் எஞ்சினார் தொகை. சல்லடையிற் சலித்தெடுத்த சிலவற்றைச் சலியாத குவியலோடு ஒப்பிட்டுக் குறைவென்றல் யாங்ஙனம் பொருந்தும்? அத்தலத்து அற்புதங்கள் நிறுவப்படவில்லை என்னுமளவில் நின்றிருப்பின் அவர் கூற்றுக்கு இழுக்கில்லை. அதற்கு மேலும் ஓரடி சென்றமையால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாதல் வேண்டும் என்னும் தம் விதியைத் தாமே நெகிழ்த்தவராயினார். மாற்றார் கூற்றைச் சோதிக்குங்கால் விழித்திருக்கும் ஐயம், தமக்கு இனிய முடிபு வருங்கால் கண்ணயர்தல் யாவர்க்கும் இயல்பு. இந்நூல் அறிவுறுத்தும் பாடமும் அதுவேயன்றோ?

இரண்டாவது, உரையளவையைப் பற்றியது. பெரியார் சொல் என்பதனால் ஒன்று மெய்யாகாது என்பது சேகன் விதிகளுள் ஒன்று. ஆயின் இந்நூல் பயில்வாருள் செவ்வாயைத் தாமே படம் பிடித்தார் எத்துணையர்? லூர்துத் தொகையைத் தாமே எண்ணினார் யாவர்? ஏறத்தாழ அனைத்தையும் அவர் உரையாலேயே கொள்கின்றனர். இதற்கு விடையாக, விஞ்ஞானிகள் உரையை வேண்டுவார் எவரும் தகுந்த பயிற்சி பெற்றுச் சோதித்துக்கொள்ளலாம் என்பர். விடை நன்றே. எனினும் அது உரையளவையை நீக்குவதன்று; எவ்வுரை கொள்ளற்பாலது என வரையறுப்பதேயாம். குற்றமற்றார் உரையே அளவை, ஏனையோர் உரை அளவையாகாது என்று சித்தாந்த நூலாரும் வரையறுத்தே கொள்வர். இவ்வளவில் இருசாராரும் அணுகி நிற்பினும், வேற்றுமையை மறைத்தலாகாது. சேகன் கருத்தில் உரையின் தகுதி மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுதலால் வருவது. சித்தாந்திகள் கருத்தில் ஆகமத்தின் தகுதி அதனை அருளிய முதல்வன் இயல்பினால் வருவது. தலாய் லாமாவோடு உரையாடியதைச் சேகன் குறிக்கின்றார். மறுபிறப்புப் பொய்யென விஞ்ஞானம் காட்டுமாயின் தம் சமயம் அதனைக் கைவிடும் என்றும், ஆயினும் அங்ஙனம் காட்டுதல் மிகவும் அரிது என்றும் அவர் விடை கூறினராம். சைவர் விடை இதுவாகாது. காண்டற்கும் கருதற்கும் எட்டாத பொருளிலேயே உரை முதன்மை பெறும் என்பதும், கண்ணாற் கண்டு தீர்க்கற்பாலதான செவ்வாய் மேட்டிற்கு ஆகமத்தைத் துணைக்கழைத்தல் வேண்டா என்பதுமே சைவர் கூறற்பாலன. எல்லையை இங்ஙனம் வரையறுத்துக் கூறாது, இரண்டும் ஒன்றே என்று மழுப்புதல் இருபாலார்க்கும் தீங்காகும்.

மூன்றாவது, அந்நூலைப் பயிலும் சமயத்தார் செய்யக்கூடிய பிழை ஒன்றுண்டு. மனவாற்றல் முதலியன பற்றிய ஆராய்ச்சிகளுள் மூன்று கூற்றுக்கள் மேலும் ஆராயத்தக்கன என்று சேகன் எழுதுகின்றார். இளங்குழவிகள் சிலர் முற்பிறப்புச் செய்திகளைக் கூறுதலும், ஆராய்ந்தவழி அவை பொருந்துதலும் உண்டென்பது அவற்றுள் ஒன்று. இதனைக் கண்டவுடன், சேகனும் மறுபிறப்பை ஒப்பினார் என்று பறைசாற்றுதல் அடாது. அவை மெய்யாதற்கு வாய்ப்பு மிகுதி யென்பதனால் அவற்றைக் குறித்திலர் என்று அவரே விலக்கியும் வைத்துள்ளார். 'ஆராயத்தக்கது' என்பதும் 'நிறுவப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. மேலும், உயிர்கள் நுகரும் இன்பதுன்ப வேறுபாடு கண்டு வினையும், வினையால் பிறப்பும் கருதியுணரப்படும் என்பதே சித்தாந்த நூல்களின் முறை; ஒரு குழவியின் மழலைச்சொல்லின்மேல் அக்கோட்பாடு நிறுத்தப்படவில்லை. அங்ஙனம் நிறுத்துவார், அக்குழவி கேட்டதனையே கூறிற்று என்று நாளை வெளிப்படின், தூணோடு கூரையும் வீழக் காண்பர். வலிய ஏதுவை விடுத்து மெலிய ஏதுவைப் பற்றுதல் சமயத்திற்குச் செய்யுந் தொண்டாகாது.

தொகுத்துக் கூறுமிடத்து, அறியுங் கருவிகளின் மாசு நீக்குதற்கு இந்நூல் நல்ல துணை. அறிவான் யாவன், அவன் அறிவு கட்டுப்பட்டுக் கிடத்தற்குக் காரணம் யாது, அக்கட்டு நீங்குமாறு எங்ஙனம் என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை. எழுப்பாத வினாவிற்கு விடை கூறிற்றிலது என்று அதனைக் குறை கூறுதல் முறையன்று. விடை கூறிவிட்டது என்று மயங்குதலும் முறையன்று. தத்தம் கொள்கையையும் மாற்றார் கொள்கையையும் ஒரே தராசில் நிறுக்கும் நேர்மையுடையார் இந்நூலை ஒருமுறை ஊன்றிப் பயிலுதல் நன்று. அத்தராசினைக் கைப்பற்றியோர், லூர்துக் கணக்கை நிறுத்தற்கு அதனைப் பயன்படுத்துதல் போலவே, தம் ஊர்ப் புதுமைக் கதைகளை நிறுத்தற்கும் பயன்படுத்துவராயின், நூலாசிரியர் உழைப்பும் படிப்பார் உழைப்பும் வீண்போகா.