செவிலியை மறுக்கும் செல்வக் குழந்தை: நற்றிணை 110ஆம் பாடலும் மும்பைத் தமிழ் இல்லங்களும்

செல்வர் வீட்டுக் குழந்தைகள் தம்மை வளர்க்கும் பணிப்பெண்களை மதியாது பேசுதல் இக்காலப் பெருநகரங்களின் குறையாகவே பெரிதும் பேசப்படுகிறது. பெற்றோரின் நேரமின்மை, ஆங்கிலவழிக் கல்வி, கைப்பேசி எனக் காரணங்களும் அடுக்கப்படுகின்றன. ஆயின் வளர்ப்பவளின் சொல்லைச் செல்வக் குழந்தை மறுக்கும் காட்சி தமிழுக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் தந்துள்ள குழந்தைச் சித்திரங்களுள் தலையாயது அக்காட்சியே எனலாம். அன்று படிப்போர்க்கு இன்பம் விளைத்த அதே செயல் இன்று ஏன் சிறுமையாகத் தோன்றுகிறது? வளர்ப்பவரும் வளர்க்கச் செய்பவரும் ஒருங்கே தமிழராக அமையும் மும்பைச் சூழலை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏவல் யாருடையது?

போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடல் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது. தேன் கலந்த பாலைப் பொன் கிண்ணத்தில் ஒரு கையில் ஏந்தி, மறு கையில் சிறு கோலை ஓங்கி, உண்ணுமாறு அச்சுறுத்துகின்றனர் செவிலியர். சிறுமியோ சிலம்பு ஒலிக்கத் தாவிப் பந்தலுக்கு ஓடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய முதிய செவிலியர் அவளைப் பின்தொடர இயலாது ஓய்ந்து நிற்கின்றனர். அச்சிறுமியே இன்று கணவனின் குடி வறுமையுற்ற காலத்தும் தந்தை வீட்டுச் சோற்றை நினையாது ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் எங்குக் கற்றாளோ என்னும் வியப்பே பாடலின் பொருள்.

பாடலின் பிற்பகுதியைக் கற்பின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். முற்பகுதியைக் குழந்தையின் குறும்பு என்று கூறிக் கடந்து விடுவர். அம்முற்பகுதியில் நின்று நோக்கவேண்டிய சொல் ஒன்றுண்டு. குழந்தை மறுப்பது 'ஏவல்' என்று பாடல் கூறுகிறது. ஏவல் செய்பவள் செவிலி. ஏவப்படுபவள் செல்வரின் மகள். பொன் கிண்ணமும் பொன் சிலம்பும் குழந்தையின் வீட்டுக்கு உரியவை. கோலும் ஏவலும் செவிலியின் கையில் உள்ளன. அதிகாரம் அவளிடம் இருப்பதனாலேயே குழந்தையின் மறுப்பு விளையாட்டு ஆகிறது. தன்னைவிட வலியவரை ஏய்த்து ஓடுதல் விளையாட்டு; எதிர்ச்சொல் சொல்லும் உரிமை அற்றவரை ஓடவிட்டுக் களைக்கச் செய்தலுக்கு அப்பெயர் பொருந்தாது.

நற்றிணை 179ஆம் பாடலிலும் இவ்வுறவு புலனாகிறது. வயலைக் கொடியைப் பசு தின்றுவிட, பந்தையும் பாவையையும் எறிந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழும் சிறுமிக்குத் தானும் தாயும் பாலூட்ட முயன்றதை அங்குச் செவிலி கூறுகிறாள். தாயைத் தனியே சுட்டும் அவள் தன்னை முதலில் வைத்துப் பேசுகிறாள். இம்முறைவைப்பைப் பாவின் தேவை என்று ஒதுக்கிவிடலாம். எனினும் தொல்காப்பியக் களவியல் தாய் என்று சொல்லப்படத் தக்கவள் செவிலியே என வகுத்திருப்பதோடு இதனை இணைத்து நோக்குதல் தகும். ஈன்றவளுக்கு 'நற்றாய்' என அடைமொழி வேண்டியிருந்தது. 'தாய்' என்னும் சொல் தனித்து வளர்த்தவளைச் சென்றடைந்தது.

கூற்று யாருடையது?

நற்றிணை 110இன் துறைக்குறிப்பு இருவகையாக அமைந்துள்ளது. மனைமருட்சி என்று கொள்ளின் நற்றாயின் கூற்றாகும். மகள் நிலை உரைத்தது என்று கொள்ளின் செவிலி நற்றாய்க்குக் கூறியதாகும். இவ்வேறுபாடு சிறியதன்று. நற்றாய் பேசுவதாயின், செவிலியரின் களைப்பு மகளின் சுறுசுறுப்பை அளக்க உதவும் ஓர் அளவுகோல் மட்டுமே. வீட்டுத் தலைவி நின்று இரசிக்கும் காட்சி அது. செவிலி பேசுவதாயின், ஓடி ஓய்ந்தவள் தன் ஓய்ச்சலைத் தானே நினைவுகூர்கிறாள். அப்போது பாடல் முழுவதும் உழைத்த உடலின் குரலாக ஒலிக்கத் தொடங்கும்.

இரண்டாவதையே ஏற்கத் தோன்றுகிறது. மகளின் புக்ககத்தில் உணவு எத்தனை வேளை என்பது சென்று கண்டவர்க்கே தெரியும். கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாடலில் மணமனைக்குச் சென்று மீண்டு, மகள் சமைத்துப் பரிமாறியதை நற்றாய்க்கு உரைப்பவள் செவிலியே. செவிலியர் எனப் பன்மையில் படர்க்கையாக வருவதைத் தடையாகக் காட்டலாம். பலர் கூடி வளர்த்த வீட்டில் ஒருத்தி தன்னையும் உள்ளடக்கி அவ்வாறு கூறுதல் இயல்பே. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையுடன் 1915இல் நற்றிணை அச்சேறிய பின்னர் வந்த நூற்றாண்டில் இப்பாடல் எண்ணற்ற முறை பாராட்டப்பட்டுள்ளது. செவிலியின் மூச்சிரைப்பைப் பாராட்டியோர் மிகச் சிலர்.

பிற்காலப் பிள்ளைத்தமிழில் இவ்வுறவு தலைகீழாகிறது. குழந்தை அங்கு இறைவன் அல்லது அரசன். செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக என ஒவ்வொரு பருவமும் இலக்கண வடிவில் ஏவலாயினும் பொருளில் வேண்டுகோளே. சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயமும் அம்புலிப் பருவத்தில் பயில்கின்றன. ஆனால் தண்டம் காட்டப்பெறுவது நிலவுக்கு, குழந்தைக்கு அன்று. நற்றிணைச் செவிலியின் கோல் வானத்தை நோக்கித் திரும்பிவிட்டது போலும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கவேண்டா என அச்சிறுமியரே கெஞ்சுகின்றனர். சிதைப்பதைத் தடுக்க வளர்ந்தோர் எவரும் வருவதில்லை. இவ்விலக்கியத்தின் அழகு மறுக்கத்தக்கதன்று. எனினும் குழந்தையைத் தெய்வமாக்கிய மரபு வளர்ப்பவளை அடியாராக்கியது என்பதும் உண்மை.

இரண்டு மாட்டுங்காக்கள்

மும்பையில் மாட்டுங்கா என்னும் பெயர் இரு வேறு உலகங்களைச் சுட்டும். 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த அகன்ற தெருக்களில் உருவானது ஒரு மாட்டுங்கா. தென்னிந்திய நடுத்தர வகுப்பார், பெரும்பான்மையும் பிராமணர், அங்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் அங்கே தோன்றியது. மற்றொன்று மாட்டுங்கா லேபர் கேம்ப். பெயரில் மாட்டுங்கா இருப்பினும் அது தாராவியின் பகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த ஆதிதிராவிடர் குடும்பங்கள் தாராவியில் வேரூன்றின. செம்பூரில் பின்னர் வளர்ந்த தமிழ்க் குடியிருப்புகளும், 1962இல் நிறுவப்பட்ட அங்குள்ள நுண்கலைக் கழகமும் முதல் மாட்டுங்காவின் நீட்சியே.

இவ்விரு உலகங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு இருப்புப்பாதையைக் கடந்து நடக்கும் தொலைவே. அதனை நாள்தோறும் கடப்போருள் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் செல்லும் பெண்களும் அடங்குவர். ஆகவே மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்க் குழந்தை தன் பணிப்பெண்ணிடம் முரட்டுத்தனமாகப் பேசும்போது, அங்கு வர்க்கம் மட்டும் பேசுவதில்லை; ஊரிலிருந்து உடன்வந்த சாதியும் பேசுகிறது. பணிப்பெண்ணுக்கெனத் தனித் தம்ளர் ஒதுக்கப்பட்ட வீட்டில் குழந்தைக்கு அதனை எவரும் பாடமாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உயர்மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் பணியாளர்க்கெனத் தனி லிப்ட் உள்ளது. குழந்தை உடனிருந்தால் ஒன்றிலும், தனியே சென்றால் மற்றொன்றிலும் அவள் ஏறவேண்டிய நிலையும் உண்டு. மொழியின் இலக்கணத்தைக் கேட்டே கற்றுக்கொள்ளும் குழந்தை, வீட்டின் இலக்கணத்தையும் அவ்வாறே கற்கிறது. வளர்ந்தோர் இங்கிதம் கருதி வாய்விட்டுச் சொல்லாத விதியைக் குழந்தை சொல்லிவிடுகிறது, அவ்வளவே. அதற்காகக் குழந்தையை மட்டும் கண்டிக்கும் வீட்டார் தம் எதிரொலியையே கண்டிக்கின்றனர்.

பெயரும் விளியும்

அவளை அழைக்கும் சொற்களும் இவ்வாய்வுக்கு உரியனவே. மராத்தியில் 'ஆயீ' என்பது தாய். 'ஆயா' என்பது கூலிக்கு வளர்ப்பவள். பின்னது தமிழ்ச்சொல் போல் ஒலிப்பினும், பம்பாயை ஆங்கிலேயர்க்கு முன் ஆண்ட போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து வந்தது. 'பாய்' என்பது ஜீஜாபாய், அகல்யாபாய் எனப் பெண்பெயரின் இறுதியில் நின்று மதிப்பை உணர்த்தும் சொல். அதுவே மும்பை வீடுகளில் தனித்து நின்று வேலைக்காரியைக் குறிக்கிறது. மதிப்பு ஒட்டு, பெயரை இழந்ததும் தொழிற்பெயராகிவிட்டது. தமிழில் 'செவிலியர்' என்னும் சொல் மருத்துவமனைப் பணியாளர்க்கு உரியதாகிவிட்டமையின், வீட்டில் குழந்தை வளர்ப்பவளைக் குறிக்க மதிப்புள்ள தமிழ்ச்சொல் ஒன்று இன்று வழக்கில் இல்லை.

விளியிலும் இதே சிக்கல். தமிழில் நீ, நீங்கள் என்னும் வேறுபாடும், அக்கா, அத்தை, ஆச்சி என்னும் முறைப்பெயர்களும் குழந்தையின் பேச்சைத் தாமே நெறிப்படுத்துவன. முறைப்பெயர் சொல்லி அழைத்த ஒருவரை அடுத்த நொடியே இழித்துரைப்பது எளிதன்று. ஆங்கிலவழியில் பயிலும் மும்பைத் தமிழ்க் குழந்தை பணிப்பெண்ணிடம் பெரும்பாலும் பேசுவது பம்பாய் இந்தி. 'ஆப்' என்னும் மரியாதைச் சொல் அருகி, 'தூ' என்னும் ஒருமை தாராளமாகப் புழங்கும் பேச்சு அது. நண்பர்க்கிடையே அவ்வொருமை நெருக்கத்தைக் காட்டும். பாட்டி வயதுடைய பணிப்பெண்ணிடம் அது வேறொன்றாகிறது. அவளும் தமிழச்சியே என்பது அக்குழந்தைக்குத் தெரியாமலே போதலும் கூடும். இதற்கு மாறாக, பணிப்பெண்ணிடமிருந்தே தமிழ் கற்கும் குழந்தைகளும் உண்டு. நெல்லை வழக்கில் இனிமையாகப் பேசத் தொடங்கும் அக்குழந்தையின் நாவை வீட்டார் 'தாராவித் தமிழ்' என்று திருத்தத் தலைப்படும்போது, தனக்குச் சோறூட்டியவளின் பேச்சு இழிந்தது என்னும் முதற்பாடம் நடந்தேறுகிறது.

மகாராஷ்டிர அரசு 2008இல் வீட்டுப் பணியாளர் நலவாரியச் சட்டம் இயற்றியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்ற 189ஆம் உடன்படிக்கை வீட்டுப் பணியாளரை வன்முறையிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் காத்தல் வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஏற்புறுதி வழங்கவில்லை. இவை தேவையானவை. ஆயினும் குழந்தையிடம் 'கூடாது' என்று சொல்லும் உரிமை வளர்ப்பவளுக்கு உண்டா என்பதைச் சட்டம் வகுக்க இயலாது. அதனை வீடே வகுக்கிறது. குழந்தை விழுந்தால் பொறுப்பு அவளுடையது. விழாமல் தடுக்கக் கண்டித்தால் குற்றமும் அவளுடையது. கண்காணிப்புக் கேமரா பொருத்திய வீடுகளில் அவள் குரல் உயர்ந்த கணம் பதிவாகிறது. அதற்கு முந்தைய அரைமணிப் பொழுது அவள் கெஞ்சியதைத் தேடிப் பார்ப்பவர் எவர்?

செவிலியின் மகள்

இவ்வாறு கூறுவதனால் சங்க காலத்தைப் பொற்காலமாக்குதல் வேண்டா. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டமை தொல்காப்பிய அகத்திணையியலால் விளங்கும். செவிலியை நற்றாயின் தோழி என்று கொள்வதும் மரபாதலின், அவளை அடியோருள் ஒருத்தியாக்குதல் முற்றும் பொருந்தாது. எனினும் அவள் பேச்சின் எல்லை வரையறுக்கப்பட்டதே. தோழி செவிலியின் மகள் என்று களவியல் தெளிவாகச் சொல்கிறது. தலைவி உடன்போக்கில் சென்றபோது கலங்கி ஊர்தோறும் தேடும் செவிலி, தன் வயிற்றில் பிறந்த தோழிக்காகக் கலங்கும் துறை ஒன்று வகுக்கப்படவில்லை. வளர்த்த மகளுக்காக அழ மரபு இடம் தந்தது. பெற்ற மகளுக்காக அழத் தரவில்லை. சித்தூரில் இளவரசன் உதயசிங்கைக் காக்கத் தன் மகனையே பலியிட்டாள் எனப் போற்றப்படும் பன்னா தாயின் வரலாற்றிலும் இதே வரம்பைக் காணலாம்.

இவ்வரம்பை உடைத்த குரல் தமிழிலிருந்து வரவில்லை. தில்லியை அடுத்த குர்கானில் வீட்டு வேலை செய்த வங்கப் பெண் பேபி ஹால்தாரின் தன்வரலாறு 2002இல் இந்தியில் வெளிவந்தது. தன் பிள்ளைகளோடு வாழ வழிதேடி வந்தவளாகவே அவர் அதில் தம்மைக் காட்டுகிறார். பிறர் வீட்டுப் பிள்ளைகள் அங்கு நடுவிடம் பெறவில்லை. மும்பைத் தமிழ்ப் புனைகதையில் இக்குரல் மெலிந்தே உள்ளது. நாஞ்சில் நாடனின் 'மிதவை', 'சதுரங்கக் குதிரை' ஆகிய நாவல்கள் பிழைப்புக்காக வந்த தனித்த ஆணின் பம்பாயைக் கூர்மையாகக் காட்டுகின்றன. குழந்தையுள்ள செல்வர் வீட்டின் சமையலறைக்குள் அவ்வாண் செல்வதற்கு வழியில்லை. எழுத்தாளர் அம்பை முதலியோர் 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் பெண்களின் வாய்மொழி வரலாற்றுக்கு வகுத்த வழிமுறை, தாராவிப் பெண்களின் 'செவிலி கூற்றை'த் திரட்ட விரும்பும் தமிழாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படும். தமிழ்த்துறைகள் செவிலி கூற்றுப் பாடல்களைத் தொகுத்து எண்ணுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

குறுந்தொகைச் செவிலி தான் வளர்த்தவளின் மணமனைக்குச் சென்று, அங்கு அவள் புளிக்குழம்பு சமைத்ததைக் கண்டு மீள்கிறாள். சோறுண்ண மறுத்து ஓடிய குழந்தை மற்றொருவர்க்குச் சோறிடுவதைக் காணும் வாய்ப்பு, ஓடி ஓய்ந்த கால்களுக்கு அம்மரபு அளித்த ஒரே ஊதியம் எனலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குழந்தை முழுநாள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் வளர்த்தவளின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவள் வேறொரு வீட்டில், வேறொரு கிண்ணத்துடன், வேறொரு குழந்தையின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள். அவள் சொந்த மகள் அந்நேரத்தில் லேபர் கேம்பில் தம்பிக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள்.