கோவிவனுக்கு ஒரு வரி

தமிழ்நாட்டு நடுகற்களில் எனக்கு மிகவும் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த கல். ஆயுதமேந்திய வீரன் ஒருவன். அவனருகே ஒரு நாய். இரண்டும் ஆழமில்லாத புடைப்புச் சிற்பங்கள். சுற்றிலும் வட்டெழுத்து.

எழுத்து சொல்லும் செய்தி சிறியது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரைசரின் மருமகன் பொற்றொக்கையார். அவரிடம் சேவகம் செய்தவன் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கப் போய் அவன் உயிர்விட்டான். இதோடு கல் முடிந்திருக்கலாம். ஆனால் நாயின் பக்கத்தில் அதற்கென்று தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது. நாய்க்குப் பெயர் உண்டு, அது செய்த காரியத்துக்குச் சாட்சி உண்டு. திருடர்கள் எத்தனை பேர் என்பதைக்கூட விடவில்லை.

இதே மகேந்திரவர்மன்தான் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைவித்ததாக வடமொழியில் பொறித்து வைத்தவன். அங்கே வாக்கியம் முழுவதும் அவனுக்காக எழுந்து நிற்கிறது. எடுத்தனூரில் அவனுக்கு உள்ள வேலை ஆண்டைக் குறிப்பது மட்டுமே. பேரரசன் காலக்கணக்காகிவிட, எருமை காத்தவனும் அவன் நாயும் செய்தியாகிறார்கள். நடுகல்லை நான் தனிக் கலையாகவே கொண்டாடுவது இதனால்தான். ஊரார் யாரை மறக்கக்கூடாது என்று நினைத்தார்களோ அவருக்கே கல்லின் நடுவிடம். மேலே இருப்பவர்களெல்லாம் அந்த இடத்துக்கு வழிசொல்ல வருகிறார்கள்.

செங்கம் வட்டாரத்துக் கற்களின் வாசகங்களுக்கு ஒரு கட்டு உண்டு. அரசன் பெயரும் ஆண்டும் முதலில். பிறகு நாட்டுத் தலைவன். பிறகு எந்த ஊரின் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, யார் கவர்ந்தார்கள், யார் மீட்டார்கள். கடைசியில் ‘பட்டான் கல்’, அதாவது இறந்தவனின் கல். புலம்பலோ புகழ்மாலையோ கிடையாது. இறந்தவனின் பெயரை உரக்கப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிற கறார் அதில் இருக்கிறது. அந்தக் கறாரே எனக்குத் தொண்டையை அடைக்கிறது.

வெட்டியவர்களின் கைவேலையையும் நின்று பார்க்கவேண்டும். மாமல்லபுரத்து மெருகை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. பலகைக்கல்லின் ஒரு முகத்தை மட்டும் ஓரளவு சமப்படுத்தி, உருவத்தைச் சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுத்திருப்பார்கள். கால்கள் அகன்று முன்னேறும். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், ஆனாலும் உடல் சாயாது. எழுத்துக்கென்று கட்டம் கட்டுவதில்லை. வில்லுக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், எங்கே இடம் மிச்சமோ அங்கே அது ஓடுகிறது. உளிக்கு நேர்கோடு எளிது, வளைவு கடினம். அந்தக் கடினத்தை முரட்டுக் கல்லில் ஏற்றுக்கொண்ட எழுத்து இது. பெயர் தெரியாத அந்தக் கொத்தர்களைத் தேர்ந்த கலைஞர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

உருவமே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மூன்று கற்களில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து மட்டுமே. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்ட அந்தவன் என்பவனைச் சொல்கிறது. சங்கப் பாட்டுகளில் மட்டுமே படித்து வந்த சங்ககால எழுத்துடை நடுகல் வைகைக் கரையில் நிஜமாகவே எழுந்து நின்ற நாள் அது. தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்ற ஆறு நிலைகளும் இப்படியொரு கல்லுக்கு நடந்த சடங்குகள்தாம் என்று நினைக்கும்போது உடல் சிலிர்க்கிறது.

கோழிக்கும் கல் நட்டிருக்கிறார்கள். இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழி, அரசலாபுரத்தில் மேற்சேரிக் கோழி. இரண்டும் சண்டைச் சேவல்கள். எந்தச் சேரியின் சேவல் என்பதை மறக்காமல் பொறித்ததில் அந்தந்தச் சேரியின் மார்தட்டல் இன்னும் கேட்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் பல நடுகற்களுக்கு இப்போதும் பூசை உண்டு. வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வயல்வெளியில் நின்ற கற்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டதில் இந்த பக்திக்குப் பெரிய பங்கு உண்டு. அவை வரலாற்று ஆவணங்களாகப் படிக்கப்பட்டதில் இரா. நாகசாமிக்கும் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் உள்ள பங்கு பெரிது. 1972இல் வந்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலை இன்றும் விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். கும்பிடுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: எண்ணெயும் மஞ்சளும் இருக்கட்டும், எனாமல் பெயின்ட் வேண்டாம். அது எழுத்தின் பள்ளத்தில் இறங்கி உறைந்துவிட்டால் பிறகு மைப்படி எடுப்பதே சிரமம்.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலோ சாயங்காலமோ போங்கள். உச்சிவெயிலில் இந்த ஆழமற்ற வெட்டுகள் தட்டையாகிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் நிழல் விழும். வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர் ஒருவரையும் கூட அழைத்துப் போய், பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.