ஏழு குட்டிகளும் ஒரு கல்லும்

எங்கள் களமருதூர்ப் பக்கம் வெள்ளாடு என்பது பெண்களின் கைக்காசு. பிள்ளை படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் வேண்டுமென்றால் குட்டி ஒன்று சந்தைக்குப் போகும். 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுக்கத் தொடங்கியபின், காதில் வில்லை மாட்டிய ஆடுகளும் எங்களுக்குப் பழகிப்போயின. அதனால் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ நாவலில், ஆட்டுக்குக் காதுகுத்த அரசாங்க வரிசையில் நிற்கும் இடத்தை என் மாணவிகள் சிரித்தபடி படித்தார்கள். பூனாச்சி பருவமடைந்ததும் சிரிப்பு நின்றது.

அவள் மனம் பூவன்மேல் இருக்கிறது. அவளை விடுவதோ ஒரு கிழக் கிடாவிடம். ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். ஊர் வியக்கிறது, குட்டிகள் விலைபோகின்றன. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

‘மாதொருபாகன்’ எதிர்ப்புக்குப் பின், 2015 ஜனவரியில் தன்னை இறந்துவிட்டதாக அறிவித்த எழுத்தாளர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் எழுதி வெளியிட்ட நாவல் இது. அரசைப் பற்றிய உருவகமாகவே இதைப் பலரும் வாசித்தார்கள். நான் பொன்னாவையும் பூனாச்சியையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பிள்ளை இல்லாததால் பொன்னா பேச்சு வாங்குகிறாள். ஏழு ஈன்றதால் பூனாச்சி அதிசயமாகிறாள். பழியோ புகழோ, இருவர் உடம்புக்கும் கணக்கு எழுதுவது மற்றவர்கள்தான். ஒரு பெண்ணாட்டின் விருப்பத்தை விருப்பமாகவே எழுதியது இந்த நாவலின் பெரிய பலம்.

என் சண்டை முடிவோடுதான். பஞ்சத்தில், மறுபடியும் வயிறு நிறையக் குட்டிகளோடு, பூனாச்சி கல்லாகிறாள். இந்த முடிவு நமக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரிக்குப் படையல் போடுகிறோம். அவள் அந்தந்தக் குடும்பத்தில் இறந்துபோன பெண்தான். உயிரோடிருந்தபோது வாங்கித் தராத புடவையைச் செத்தபின் மடித்து வைத்துக் கும்பிடுகிறோம். நாவல் அந்த வழக்கத்தை அம்பலப்படுத்துகிறதா, அல்லது தானும் ஒரு கல்லை நட்டுவிட்டு நகர்கிறதா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. கதை முழுக்க அவள் மனதோடு நடந்தாலும் படர்க்கையிலேயே சொல்லப்படுகிறது. ஓரிடத்திலும் அவள் தன் கதையை ‘நான்’ என்று சொல்ல வாய்ப்பதில்லை.

“சாமியாக்காமல் அவளைக் காட்டுக்கு ஓடவிட்டிருந்தால் என்ன மிஸ்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அவள் வீட்டிலும் ஆடு உண்டு, மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முடிவை நீயே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.