ஆளோலையும் இசைவும்

தியாகராய நகரில் இன்று ஒருவர் தம் மனையை மகளுக்கு எழுதிக் கொடுப்பாராயின், பிறர் தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, முழு மனத்துடன் எழுதியதாக ஒரு தொடர் பத்திரத்தில் தவறாது இடம்பெறும். எழுதுவோர் இதனை வெறும் வழக்காகக் கருதுவர். ஆயின், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இசைவின் தூய்மையையே ஒப்பந்தத்தின் உயிராகக் கொள்கிறது. வலுக்கட்டாயம், தகாத செல்வாக்கு, வஞ்சனை, பொய்யுரை, பிழையுணர்வு ஆகிய ஐந்தனுள் ஒன்றால் விளைந்த இசைவு, உரிமையுடைய இசைவு அன்று என்பது அதன் 14ஆம் பிரிவு. அவற்றுள் முதல் நான்கால் விளைந்த ஒப்பந்தம் இசைந்தவர் விரும்பின் தள்ளத்தக்கது. இருவரும் அடிப்படைச் செய்தியொன்றில் பிழைபட்டு உடன்பட்டதோ தொடக்கத்திலேயே செல்லாதது.

சென்னை உயர்நீதிமன்றம் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளது. கணவன் பிணத்தை எடுக்கவிடாது தடுத்து, பதின்மூன்று வயதுக் கைம்பெண்ணைச் சுவீகாரத்திற்கு உடன்படச் செய்தமை செல்லாது என 1889இல் முடிவாயிற்று. தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவன் அச்சுறுத்தி மனைவியிடமும் மகனிடமும் பெற்ற விடுதலைப் பத்திரம் வலுக்கட்டாயத்தால் பெற்றதே என 1917இல் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர், ஒருவர் உடன்பட்டிலர்.

இவ்வளவுகோல் கொண்டு சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தை நோக்குதல் தகும். திருவெண்ணெய்நல்லூர் அவையின் நேர்மையைப் போற்றுதல் நம் ஆய்வாளரிடை மரபாகிவிட்டது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என அவை கேட்பதும், சான்று எழுதியோர் கையெழுத்தை ஓர்வதும், பாட்டனார் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிடுவதும் உண்மையிலேயே பாராட்டத்தக்கன. சேக்கிழார் சோழ அமைச்சராக விளங்கியவர் என்னும் மரபிற்கு இப்பகுதி நன்கு பொருந்தும்.

எனினும் அவை ஆராய்ந்தது எழுத்தையே அன்றி இசைவை அன்று. உள்ளமும் புறமும் ஒத்து எழுதினேன் என ஓலை கூறுகிறது. அவ்வாறு எழுதியவர் பாட்டனார். ஆரூரர் உடன்பட்டாரா என்னும் வினா எழவேயில்லை. (வழிவழி அடிமை செய்யும் இத்தகைய ஓலை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்முன் நில்லாது என்பது வேறு.) இவ்வழக்கில் கண்ணுக்குப் புலனாகும் வன்செயல் ஒன்றே. அது மணப்பந்தரில் படியோலையை ஆரூரர் பறித்துக் கிழித்தமை. அதனை அவையோர் அவர்க்கு எதிராகவே கொண்டனர். அவரோ, இது மனத்திற்கு எட்டாத மாயை, எனக்குத் தெளியவில்லை என்றார். வஞ்சனை எனச் சாற்ற அவரிடம் சான்று இல்லை.

இங்கு ஒரு முரண்பாடு உரையாசிரியர் பலரால் போதிய அளவு நோக்கப்படவில்லை எனத் தோன்றுகிறது. மணப்பந்தரில் முதியவர் கூறியது, தமக்கும் ஆரூரர்க்கும் இடையே நின்ற இசைவு. அவையில் காட்டியதோ பாட்டனாரின் ஓலை. முறையீடு ஒன்று, மெய்ப்பு மற்றொன்று. எதிர்த்தரப்பில் வல்ல வழக்கறிஞர் ஒருவர் இருப்பின் இதனைப் பற்றியே வழக்கை வீழ்த்தியிருப்பார்.

காப்பியப் புலவர் அயர்ந்துவிட்டார் என்று கொள்ளுதற்கு இடமில்லை. முதியவர் பந்தரில் கூறியதே உண்மை. மானுடப் பிறவியில் மயங்குங்கால் தடுத்து ஆட்கொள்ள வேண்டும் எனக் கயிலையில் வேண்டியவர் ஆரூரரே என்பதைத் திருமலைச் சிறப்பில் முன்னரே கண்டோம். ஒப்பந்தம் அங்கு முடிந்தது, வாய்மொழியால் முடிந்தது, செய்தவரே அதனை மறந்தார். ஆகவே ஓலை அவைக்காக வந்த கருவியே. அவ்வோலையிலும் பொய்யில்லை. ஆண்டானின் பெயர் வெண்ணெய்நல்லூர்ப் பித்தன் என அதில் எழுதியிருந்தது. கரணத்தான் உரக்கப் படித்தான். கேட்டோர் ஒருவரும் பொருள் உணர்ந்திலர். வஞ்சனை வேடத்தில் இருந்ததே அன்றி ஆவணத்தில் இருந்ததில்லை.

வஞ்சனையால் விளைந்த ஒப்பந்தத்தைத் தள்ளவும், அறிந்தபின் நிலைநிறுத்தவும் ஏமாந்தவர்க்கு உரிமையுண்டு என்கிறது சட்டம். வழக்கில் தோற்றபொழுது ஆரூரர் இணங்கியது தீர்ப்பிற்கே. ஆண்டவன் யார் என அறிந்தபின், அவரைப் பித்தன் என அழைத்துப் பாடியதே அவர் அறிந்து தந்த இசைவு. முதியவரின் வீடும் வாழ்க்கையும் இவ்வூரில் எங்குள்ளன என்னும் வினாவை அவையோர் தீர்ப்பிற்குப் பின்னரே எழுப்பினர். முன்னரே கேட்டிருப்பின் அவர் திருவருட்டுறைக் கோயிலுக்கு அவர்களை அப்பொழுதே அழைத்துச் சென்றிருப்பார். ஓலையைப் படிக்க நேர்ந்திராது.