பெரிய டி, சின்ன டி

ஷேர்டு லைப்ரரியில் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று வந்து நிற்கும் பிழையைத் தீர்க்க என்எம் கட்டளைக்கு நிகராக இன்னொன்று வரவில்லை. 1971-ல் வெளியான யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே அது உண்டு. ஒரு முகவரி, ஓர் எழுத்து, ஒரு பெயர். அவ்வளவுதான் அதன் வெளியீடு. வித்தையெல்லாம் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

டைனமிக் ஆப்ஷனோடு ஓட்டினால், யு என்று வருபவை லைப்ரரி வெளியே தேடும் பெயர்கள். தரவேண்டிய லைப்ரரியில் அதே ஃபங்ஷன் பெரிய எழுத்து டி-யோடு இருந்தால், மிச்சம் கூப்பிடும் லைப்ரரியின் நீடட் பட்டியல்தான்; ரீட்எல்ஃபில் ஒரு பார்வை போதும். தரவேண்டிய லைப்ரரியில் பெயரே இல்லாதபோதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஸ்ட்ரிப் செய்யாத கோப்பென்றால், டைனமிக் ஆப்ஷனை எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சின்ன எழுத்து டி தென்பட்டால் ஃபங்ஷன் உள்ளேதான் இருக்கிறது; ஹிடன் என்றோ ஸ்டாட்டிக் என்றோ எழுதி யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அந்த சோர்ஸ் கோப்பு பில்டில் சேர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சி++ பெயர்களை உடனே சி++ஃபில்ட்டில் போட்டுப் பிரிப்பது பலர் வழக்கம். பிரிக்காத பெயரை முதலில் படிப்பதே அழகு. கூப்பிடும் பக்கம் ‘_இசட்3ஆட்ஐஐ’, தரும் பக்கம் வெறும் ‘ஆட்’ என்றால், ஹெடரில் எக்ஸ்டர்ன் சி விடுபட்டது கண்ணுக்கே தெரியும். 2015-ல் வந்த ஜிசிசி 5-க்குப் பின், ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷன்களில் ஒரு பக்கம் மட்டும் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ ஒட்டியிருந்தால், இரண்டும் வெவ்வேறு ஏபிஐயில் கட்டப்பட்டவை.

எல்டி_டீபக்கைப் புகழ்வோர் உண்டு. தேடிய வரிசையை அது காட்டுவது உண்மை. காட்டும் வரிகளுக்குத்தான் முடிவில்லை. எல்டிடி எல்லா லைப்ரரியும் கிடைத்தது என்று சொல்லும், பிழை அப்படியே இருக்கும். ஆர் ஆப்ஷன் சேர்த்தால்தான் சிம்பல்களையும் சோதிக்கும்.

இப்போதெல்லாம் இப்படிச் சோதித்துப் பார்க்கவும் பொறுமை இல்லை. பிழை போகும்வரை லைப்ரரிகளை முன்னும் பின்னும் அடுக்கிப் பார்ப்பதே வைத்தியமாகிவிட்டது. உபுண்டு 11.10 முதல் லிங்கரின் அஸ்-நீடட் ஆப்ஷன் இயல்பாக இருப்பதால், ஆப்ஜெக்ட் கோப்புக்கு முன்னால் எழுதிய லைப்ரரி சத்தமில்லாமல் கழன்றுவிடும் என்பதுகூட அப்படி அடுக்குவோர் பலருக்குத் தெரிவதில்லை.

ஷேர்டு லைப்ரரி கட்டும்போது தீராத பெயர்களை லிங்கர் இயல்பாக விட்டுவிடும். நோ-அன்டிஃபைன்ட் ஆப்ஷனைப் போட்டால் பிழை அங்கேயே பிடிபடும். ஓட்டுபவர் தலையில் விடியாது. தாய் நிரலிடமே சிம்பல் வாங்கும் பைதான் மாட்யூல்கள் போன்றவற்றுக்கு மட்டும் அது ஒத்துவராது.