பாமாவின் ‘கருக்கு’ – தன்மதிப்பும் விவிலிய வாசிப்பும்

ஏழாண்டுத் துறவு வாழ்வைக் கைவிட்டு மடத்திலிருந்து வெளியேறிய பின் பாமா எழுதிய ‘கருக்கு’ (1992), கிறித்தவத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்படுவதற்கு நிறைய இடம் தருகிறது. அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் போதாது. நூலில் உடைபடுவது மடத்தின் மீதிருந்த நம்பிக்கை. கடவுள் மீதான நம்பிக்கை உடைபடவில்லை என்பதோடு, எடுத்துரைப்பாளர் தம்மை மதிப்புடைய மனிதராக உணர்வதற்கான அடிப்படையாகவும் அதுவே நிற்கிறது.

தலைப்பே இதற்கு முதற்சான்று. சிறுவயதில் விறகு பொறுக்கும்போது தோலைக் கிழித்த பனங்கருக்கை, எபிரேயர் திருமுகம் சுட்டும் இருபுறமும் கூர்மையான வாளோடு முன்னுரை இணைக்கிறது. உழைக்கும் தலித் சிறுமியின் காயமும் இறைவாக்கும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. தன்னைக் கீறியதையே படைக்கலமாக்கும் துணிவு இங்குத் திருமறை வாசிப்பிலிருந்து பிறக்கிறது. பணிவும் பொறுமையுமே பக்தி எனப் போதிக்கப்பட்ட ஒருவர், தாமே விவிலியத்தை வாசிக்கையில் அநீதிக்கு எதிராகச் சினங்கொள்ளும் கடவுளையும் ஏழைகளின் பக்கம் நிற்கும் இயேசுவையும் காண்கிறார். போதித்தவர்கள் இவரை ஏன் மறைத்தனர் என்ற வினாவே நூலின் உயிர்நாடி.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இயற்றிய அவர் வயதுவந்த பின் மதம் மாறியவர்; தாம் பெற்ற மரபிலக்கியப் புலமையைப் புதிய நம்பிக்கைக்குக் காணிக்கையாக்கியவர். பாமாவுக்கோ கிறித்தவம் பிறப்பிலேயே வாய்த்தது; அதனோடு சாதி இழிவும் வாய்த்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த, திருச்சபையோ அவர்களைச் சாதியின் பெயராலேயே அடையாளம் கண்டது. அரசும் சபையும் தராத மதிப்பை எங்கிருந்து பெறுவது? படிப்பில் முன்னேறினால் மதிப்புத் தானாக வரும் என்னும் அண்ணனின் அறிவுரை அவரைக் கல்லூரி வரை கொண்டுசேர்க்கிறது. ஆயினும் சாதி அங்கும் பின்தொடர்கிறது.

நூலின் மொழியையும் இதனோடு சேர்த்தே காணவேண்டும். நினைவுகூரும் இடங்களில் மட்டுமன்றி, கடவுளைப் பற்றி வாதிடும் இடங்களிலும் தெருவின் பேச்சு வழக்கே ஆளப்படுகிறது. வழிபாட்டுத் தமிழின் உயர்நடைக்குள் புகாமலே இறையியல் பேசும் இவ்வுரிமை, தன்மதிப்பு குறித்த நேரடிக் கூற்றுகளைவிட வலிமையானது.

மடத்தைப் பற்றிய பிற்பகுதிகளில் ஒரே குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் வந்து கூர்மை மழுங்குகிறது. அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்றுண்டு. சபையை எதிர்க்க எடுத்துரைப்பாளர் ஏந்தும் விவிலியம், அச்சபை நடத்திய பள்ளிகளின் வழியாகவும் அவரை வந்தடைந்ததே. இக்கடன் நூலில் ஆங்காங்கே தலைகாட்டினும் விசாரணைக்கு உட்படுத்தப்படவில்லை.