காகிதக் காப்பு

காகிதப் பட்டைகளை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகக் கோத்துச் செய்யும் காப்பு, மோதிரம், தொங்கட்டான் ஆகியவை பின்னல் நகைகள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தென்னை ஓலையில் முடைந்த வாட்சும் மோதிரமும் இவற்றுக்கு மூத்தவை. கரையான்சாவடி போன்ற சென்னைப் புறநகரில் பச்சை ஓலைக்கு அலைய வேண்டும். சார்ட் பேப்பர் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். ஜெர்மனியில் 1837-இல் சிறுவர் கல்விக்கூடம் தொடங்கிய ஃப்ரோபெல், காகிதப் பின்னலைப் பாடமாகவே வைத்தவர்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காப்பே நல்ல தொடக்கம். 20 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு போதும். இரு முனைகளிலும் 2 செ.மீ. விட்டு, நீளவாக்கில் மூன்று கீறல் போட வேண்டும். கீறுவது பெரியவர் வேலை. வேறு நிறத்தில் 1 செ.மீ. அகலக் குறும்பட்டைகளைக் குறுக்கே நுழைக்க வேண்டும்.

முதல் பட்டை மேல், கீழ் என்று போனால், அடுத்தது கீழ், மேல் என்று போக வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். இரண்டும் ஒரே வழியில் போனால் கட்டம் விழாது, பட்டை நழுவும். “மேல, கீழ” என்று வாய்விட்டுச் சொன்னால் கை தானாகப் பழகிவிடும். ஒவ்வொரு பட்டையையும் நகத்தால் நெருக்கித் தள்ளி, நீட்டிய நுனிகளை உட்புறம் மடித்து ஒட்ட வேண்டும்.

முனைகளைச் சேர்க்க ஃபெவிகால் போதும். காயும் வரை துணி கிளிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் முள் கையைக் கீறும். கிஃப்ட் பேப்பர் பளபளக்கும், ஆனால் வழுக்கும், கிழியும். முதல் காப்புக்குச் சார்ட்தான் சரி.